மூன்றாம் வகுப்புக்கு எதற்குத் தேர்தல்?

வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர்: சென்னையில் சர்வதேசப் பள்ளிகளின் தொடக்கநிலைப் பிரிவில் நெடுங்காலம் ஒருங்கிணைப்பாளராக இருந்த ஆசிரியை

கேள்வி: என் மகள் ஒரு சர்வதேசப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். மாணவர் மன்றத்துக்கு வகுப்புப் பிரதிநிதித் தேர்தல் வைத்தார்கள். வீட்டில் உட்கார்ந்து பேச்சு எழுதி, மனப்பாடம் செய்துகொண்டு போனாள். நான்கு ஓட்டுதான் விழுந்தது. ஜெயித்த பையனின் வீட்டில் கலர் போஸ்டர் அடித்து, வகுப்பு முழுக்க ஸ்டிக்கர் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு நாளாக இவள் சரியாகச் சாப்பிடவில்லை. பள்ளியில் போய்ப் பேசலாமா, இதுவும் ஒரு அனுபவம்தான் என்று விட்டுவிடலாமா?
– வாசகி, பெரும்பாக்கம், சென்னை

பதில்: பேசுங்கள். ஆனால் முடிவை மாற்றச் சொல்லிப் போகாதீர்கள். அந்தப் பையனும் எட்டு வயதுக் குழந்தைதான். ஸ்டிக்கர் அவன் யோசனையாக இருக்காது. நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்த வயதில் தேர்தல் தேவைதானா?

எட்டு வயதில் யாருக்கு ஓட்டுப் போடுவார்கள்? பக்கத்தில் உட்காருகிறவருக்கு, நேற்று ரப்பர் கொடுத்தவருக்கு, நன்றாகப் பந்து உதைக்கிறவருக்கு. அதில் தப்பே இல்லை. மன்றத்தில் என்ன வேலை என்று தெரிந்தால்தானே அந்த வேலைக்கு ஆள் பார்க்க முடியும்? நான்காம் வகுப்பு வரை தேர்தலே கூடாது என்பதுதான் என் கருத்து, அதை நான் வேலை பார்த்த இடங்களில் உரக்கவே சொல்லியிருக்கிறேன். அங்கே ஒரு பள்ளியில் சீட்டுக் குலுக்கிப் போட்டோம். எவர்சில்வர் டம்ளரில் எல்லார் பெயரும் இருக்கும். பருவத்துக்கு இரண்டு பேர். ஒரு முறை போனவர் பெயர் மறுபடி டம்ளருக்குள் போகாது. போக விருப்பமில்லை என்று சொல்லும் பிள்ளையை வற்புறுத்த மாட்டோம்.

இப்படி வந்த ஒரு இரண்டாம் வகுப்புப் பெண்ணை இன்றும் நினைத்துக்கொள்வேன். வகுப்பில் கையே தூக்காதவள். மன்றக் கூட்டத்தில் அவள் முறை வந்ததும், "கீழ் மாடி பாத்ரூம் தாழ்ப்பாள் எங்களுக்கு எட்டாது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். விசாரித்தால், சின்ன வகுப்புப் பெண்கள் இரண்டிரண்டு பேராகப் போய், ஒருத்தி உள்ளே இருக்கும்போது இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். யாருக்குமே தெரியவில்லை. பெரியவர்களின் உயரத்துக்குப் பொருத்திய தாழ்ப்பாள் அது. அந்த வாரமே தச்சர் வந்து இறக்கி வைத்தார். மேடையில் நன்றாகப் பேசும் பிள்ளைகளை மட்டும் தேர்ந்தெடுத்திருந்தால் இந்தச் செய்தி கூட்டத்துக்கு வந்தே இருக்காது.

பள்ளியில் பேசும்போது இன்னும் இரண்டு விஷயம் கேட்டுப் பாருங்கள். மன்றம் ஒன்றைக் கேட்டால் முதல்வர் எழுத்தில் பதில் தருகிறாரா? "முடியாது" என்றாலும் பரவாயில்லை, ஏன் முடியாது என்று எழுதித் தர வேண்டும். அப்புறம், பிள்ளைகள் தாங்களே முடிவு செய்து செலவழிக்கச் சின்னத் தொகையாவது மன்றத்தின் கையில் இருக்கிறதா? இரண்டும் இல்லையென்றால் அது ஆண்டுவிழாவில் வரிசையாக நிற்க வைப்பதற்கான மன்றம்தான். குழந்தைகளைப் பாதிக்கும் விஷயங்களில் அவர்கள் கருத்தைக் கேட்டு, வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதற்கு மதிப்புத் தர வேண்டும் என்று ஐ.நா.வின் 1989 குழந்தை உரிமைகள் உடன்படிக்கை சொல்கிறது. பன்னிரண்டாவது பிரிவு. இந்தியா 1992-இல் அதை ஏற்றுக்கொண்டது. ஆகவே நீங்கள் சலுகை எதுவும் கேட்கவில்லை.

மகளிடம், "அடுத்த தடவை நீதான் ஜெயிப்பே" என்று சொல்லாதீர்கள். அந்தப் பேச்சில் என்ன செய்வதாகச் சொல்லியிருந்தாள் என்று கேளுங்கள். மைதானத்தில் தண்ணீர் பாட்டில் வைக்க நிழல் வேண்டும், நூலகத்தில் தமிழ்க் கதைப் புத்தகம் வேண்டும் என்று ஏதாவது இருந்திருக்கும். அதை ஒரு தாளில் எழுதி, ஜெயித்த பையனிடமே கொடுத்து மன்றத்தில் கேட்கச் சொல்லட்டும். சாப்பாடு தானாக இறங்கும்.

கேள்வி: என் மகளுக்கு ஆறு வயது. பள்ளி முடிந்ததும் ரோபாட்டிக்ஸ், செஸ், நீச்சல், கீபோர்டு, 'ஜூனியர் லீடர்ஷிப்' என்று வாரத்தில் ஐந்து நாளும் வகுப்பு. எல்லாவற்றுக்கும் தனியாகப் பணம் கட்டுகிறேன். எதை நிறுத்தலாம்?
– வாசகர், திருப்பூர்

பதில்: முதலில் லீடர்ஷிப்பை நிறுத்துங்கள். ஆறு வயதுப் பிள்ளைக்குத் தலைமையை ஸ்லைடு போட்டுச் சொல்லித்தர முடியாது. மீன் தொட்டிக்கு இரை போடுவது, வருகைப் பதிவேட்டை அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுப்பது மாதிரி வகுப்பில் ஒரு வேலையை அவள் பொறுப்பில் விடச் சொல்லுங்கள், காசு செலவில்லை. நீச்சல் இருக்கட்டும், அது உயிர் காக்கும். மீதியில் அவளே ஒன்றைச் சொல்லட்டும். மற்ற சாயங்காலங்களில் தெருவில் விளையாட விடுங்கள். யார் முதலில் பிடிப்பது, அழுகிறவனை எப்படித் திரும்பச் சேர்த்துக்கொள்வது என்பதெல்லாம் அங்கேதான் பழகும்.

கேள்வி: ஐந்தாம் வகுப்பில் ஹவுஸ் கேப்டனாக இருந்தால் பிற்காலத்தில் வெளிநாட்டுக் கல்லூரி அட்மிஷனுக்கு உதவுமா?
– வாசகர், அண்ணா நகர், சென்னை

பதில்: உதவாது.

கேள்வி: மகன் இங்கே ஐ.பி. பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. 'எக்ஸிபிஷன்' வருகிறது. அவன் குழு கடலில் பிளாஸ்டிக் என்ற தலைப்பை எடுத்திருக்கிறது. மற்ற பெற்றோர்கள் ஸ்டால் வடிவமைக்க ஆள் வைத்துவிட்டார்கள். என் மனைவி நள்ளிரவு வரை ஸ்லைடு செய்கிறாள். நாங்கள் எவ்வளவு உதவ வேண்டும்?
– வாசகர், துபாய்

பதில்: மனைவியைத் தூங்கச் சொல்லுங்கள்.

மற்ற வாசகர்களுக்காக ஒரு விளக்கம். ஐ.பி. என்பது 'இன்டர்நேஷனல் பாக்கலோரியா' என்ற சர்வதேசக் கல்வி அமைப்பு, 1968-இல் ஜெனீவாவில் தொடங்கியது. மூன்று முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கான அதன் தொடக்கநிலைத் திட்டம், பி.ஒய்.பி., 1997-இல் வந்தது. அதன் கடைசி ஆண்டில் பிள்ளைகள் தாங்களே ஒரு பிரச்சினையைத் தேர்ந்தெடுத்து, சில வாரங்கள் குழுவாக விசாரித்து, அதற்காக ஏதாவது செய்து, பள்ளியின் முன் வைப்பார்கள். அதைத்தான் எக்ஸிபிஷன் என்கிறார்கள். பெயரைக் கேட்டதும் பெற்றோருக்குப் பொருட்காட்சி நினைவுக்கு வந்து தெர்மோகோல் வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். ஆசிரியர்கள் பார்ப்பது பிள்ளையின் குறிப்பேட்டை. முதல் வாரம் என்ன கேள்வி இருந்தது, மூன்றாம் வாரம் அது எப்படி மாறியது, யாரிடம் போய்க் கேட்டான், குழுவில் சண்டை வந்தபோது என்ன செய்தான் என்பதைத்தான்.

சென்னையில் நான் கூடவே இருந்து பார்த்த ஒரு குழுவைப் பற்றிச் சொல்கிறேன். தலைப்பு, மதியச் சாப்பாடு வீணாவது. 'உணவை வீணாக்காதீர்' என்று போஸ்டர் எழுதி முடித்துவிடுவார்கள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அவர்களோ கிச்சன் அக்காவிடம் காய்கறி நிறுக்கும் தராசை இரவல் வாங்கி, மிச்சம் கொட்டும் வாளியைத் தினமும் நிறுத்தார்கள். எலுமிச்சை சாதத்தன்றும் அதே எடை, புலாவ் அன்றும் அதே எடை. ருசி காரணமில்லை என்று புரிந்தது. வாளியின் பக்கத்திலேயே நின்று பார்த்தார்கள். ஒரு பையன்தான் கவனித்தான்: தட்டைக் கொட்டுகிறவர்கள் சாப்பாட்டைப் பார்ப்பதில்லை, ஜன்னல் வழியாக மைதானத்தைப் பார்க்கிறார்கள். சாப்பாடு முடிந்ததும் விளையாட்டு என்பதால் முதலில் ஓடுகிறவர்களுக்குத்தான் கோல் போஸ்ட் பக்கம் இடம். பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடிக்கொண்டிருந்தார்கள்.

முதலில் விளையாட்டு, பிறகு சாப்பாடு என்று மாற்றிப் பார்க்கலாமா என்று குழு முதல்வரிடம் கேட்டது. முதல் இரண்டு வகுப்புகளுக்கு மட்டும் மாற்றிப் பார்த்தோம். வாளி இலேசானது. ஆனால் புழுதியோடு வரும் பிள்ளைகள் கை கழுவக் குழாயடியில் நீளமாக நின்றார்கள், சாப்பாடு தள்ளிப் போனது. கிச்சன் அக்காக்கள் சத்தம் போட்டார்கள். நியாயம்தான். குழு மறுபடி உட்கார்ந்து, ஒரு வகுப்புக்கும் அடுத்த வகுப்புக்கும் ஐந்து நிமிட இடைவெளி விட்டு மணி அடிக்கலாம் என்று கண்டுபிடித்தது. அந்த மணியை அடிக்கும் பொறுப்பையும் அவர்களே எடுத்துக்கொண்டார்கள். கடைசி நாளில் அவர்கள் வைத்தது கையால் கோடு போட்ட வரைபடம், அந்தத் தராசு, நனைந்து சுருங்கிப்போன குறிப்பேடு. அதைவிட நல்ல எக்ஸிபிஷனை நான் பார்த்ததில்லை.

உங்களுக்கும் வேலை இருக்கிறது. துபாயில் ஒருமுறை மட்டுமே பயன்படும் பைகளுக்கு 2022 ஜூலையில் 25 ஃபில்ஸ் (கால் திர்ஹம்) கட்டணம் வந்தது, 2024 ஜூனில் தடையே வந்துவிட்டது. அதனால் என்ன மாறியிருக்கிறது என்று மகன் நேரில் பார்க்கலாமே. தேராவில் வாட்டர்ஃபிரண்ட் மார்க்கெட்டுக்குக் குழுவைக் காரில் கூட்டிப்போங்கள். மீன் விற்பவர்களிடம் இப்போது எதில் போட்டுத் தருகிறீர்கள், வாங்குகிறவர்கள் பை கொண்டு வருகிறார்களா என்று பிள்ளைகளே கேட்கட்டும். அங்கே தமிழிலோ மலையாளத்திலோ பதில் கிடைத்தாலும் கிடைக்கும். நீங்கள் இரண்டடி தள்ளி நில்லுங்கள். மகன் கேள்வி மறந்து முழித்தாலும் எடுத்துக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: என் மகன் நான்காம் வகுப்பு. சங்கோஜி. ரிப்போர்ட்டில், 'தலைமைப் பண்பு வளர வேண்டும்' என்று எழுதியிருக்கிறார்கள். மனசு கஷ்டமாக இருக்கிறது. பொதுப் பேச்சு வகுப்பில் சேர்க்கட்டுமா?
– வாசகி, ஸ்ரீபெரும்புதூர்

பதில்: வேண்டாம். முதலில் ஆசிரியரிடம் போய், "எதை வைத்து இப்படி எழுதினீர்கள்?" என்று பணிவாகவே கேளுங்கள். "அசெம்பிளியில் பேச மாட்டேன் என்கிறான்" என்று மட்டும் பதில் வந்தால், அது பேச்சைப் பற்றிய குறிப்பு. தலைமையை அதில் சேர்த்திருக்கக் கூடாது.

உங்கள் பக்கத்துக் கார் தொழிற்சாலைகளால் சென்னைப் பள்ளிகளுக்குக் கொரியப் பிள்ளைகளும் ஜப்பானியப் பிள்ளைகளும் நிறைய வருகிறார்கள். பலருக்கு முதல் நாள் ஆங்கிலமும் தெரியாது, தமிழும் தெரியாது. ஒவ்வொரு புதுப் பிள்ளைக்கும் 'பட்டி' (buddy) என்று கூடவே இருந்து உதவ ஒரு மாணவத் துணையைப் போடுவோம். இந்த வேலைக்கு வாயாடிகள் சரிப்படுவதில்லை, மன்னிக்கவும், அனுபவத்தில் சொல்கிறேன். பேசிக்கொண்டே முன்னால் போய்விடுவார்கள். உங்கள் மகனைப் போன்ற ஒரு பெண்ணிடம் ஒரு கொரியச் சிறுவனை ஒப்படைத்தோம். அவள் பள்ளியின் வரைபடத்தைத் தாளில் வரைந்து, குழாய்க்கு ஒரு சொட்டு நீலம், பாத்ரூமுக்குக் கதவு, அவன் பஸ் நிற்கும் இடத்துக்கு பஸ் நம்பர் என்று குறித்துக் கொடுத்தாள். காரச் சட்னி வந்த நாளில் அவன் தட்டுக்கு முன்னால் கையை ஆட்டிக் காண்பித்தாள். அடுத்த புதுப் பிள்ளை வந்தபோது அந்தச் சிறுவனே அந்த வரைபடத்தை நகல் எடுத்துக் கொடுத்தான்.

மகனுக்கு இப்படி ஒரு பொறுப்புக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். நூலகத்தில் திரும்பி வரும் புத்தகங்களை அடுக்குவது, இடைவேளையில் தனியாக நிற்கும் பிள்ளையை ஆட்டத்தில் சேர்த்துவிடுவது, இரண்டும் நல்ல வேலைகள். ஒரு பருவம் கழித்து அதை வைத்து ரிப்போர்ட் எழுதட்டும்.

கேள்வி: நீங்கள் எழுதுவதெல்லாம் இலட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் பள்ளிகள். என் பிள்ளைகள் இருவரும் அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளியில் படிக்கிறார்கள். இவர்களுக்கு இதெல்லாம் கிடைக்கவே கிடைக்காதா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: நான் மேலே சொன்னதில் டம்ளர், தராசு, தாள், மணி தவிர வேறு எதற்கும் செலவில்லை அம்மா. உங்கள் பள்ளியிலும் நடக்கும்.

சாரணர் இயக்கத்தில் சின்னப் பிள்ளைகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது, பையன்களுக்குக் குருளையர், பெண்களுக்கு நீலப்பறவையர். ஆறு ஆறு பேராகப் பிரித்து, அதில் ஒருவரைத் தலைவராக வைப்பார்கள். ஆறு பேர் என்பது அந்த வயதுக்குச் சரியான அளவு, யார் வரவில்லை, யாருக்கு முடிச்சுப் போட வரவில்லை என்று ஒரு குழந்தையால் பார்த்துக்கொள்ள முடியும். உங்கள் பள்ளியில் இந்தப் பிரிவு உண்டா என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். இல்லையென்றால், மாவட்ட சாரணர் அலுவலகத்தில் விசாரித்துத் தொடங்கலாமா என்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுப்புங்கள். பெற்றோருக்கு அங்கே இடம் உண்டு.

சிம்பன்ஸி ஆய்வாளர் ஜேன் குடால் 1991-இல் தான்சானியாவில் 'ரூட்ஸ் அண்ட் ஷூட்ஸ்' என்ற இளையோர் சுற்றுச்சூழல் இயக்கத்தைப் பன்னிரண்டு மாணவர்களோடுதான் ஆரம்பித்தார். பிறகு அது பல நாட்டுப் பள்ளிகளுக்குப் போனது. பள்ளிகளுக்காக உலகம் முழுக்க நடக்கும் 'ஈகோ ஸ்கூல்ஸ்' சுற்றுச்சூழல் திட்டத்தில் ஏழு படிகள். முதல் படி பிள்ளைகளைக் கொண்ட குழு, இரண்டாவது படி பள்ளியைச் சுற்றி வந்து குறைகளைக் குறிப்பது. இந்த இரண்டையும் செய்ய யாரிடமும் பதிவு செய்ய வேண்டியதில்லை. எந்தக் குழாய் ஒழுகுகிறது, எந்த மரத்துக்குத் தண்ணீர் போகவில்லை, சத்துணவு முடிந்து தட்டுக் கழுவும் தண்ணீர் எங்கே போய்த் தேங்குகிறது என்று உங்கள் பிள்ளைகள் நாலு நண்பர்களோடு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வரட்டும். அதைத் தலைமையாசிரியரிடம் அவர்களே கொடுக்கட்டும். அவர் என்ன பதில் சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள், அடுத்த இதழில் அங்கிருந்து தொடர்வோம்.