பிரசவ அறையும் சுற்றத்தார் பேச்சும்

அன்புள்ள அக்கா,

எனக்கு ஏழாம் மாதம் முடியப்போகிறது. தலைப்பிரசவம். நாங்கள் பார்க்கும் தனியார் மருத்துவமனையில் வலி எடுத்ததிலிருந்து குழந்தை பிறந்து சில மணி நேரம் வரைக்கும் ஒரே தனி அறையில் இருக்கலாம், கணவரும் கூட இருக்கலாம் என்கிறார்கள். "வேணுங்கறதைக் கொண்டு வாங்க, ரூமை உங்க இஷ்டப்படி வெச்சுக்கங்க" என்று டாக்டரே சொன்னார். அன்றிலிருந்து ஒரு நோட்டில் எழுதி வருகிறேன்: அம்மாச்சியின் சுங்குடிச் சேலை, பேட்டரி சர விளக்கு, பழைய பாட்டுகள், என் தலையணை, எங்கள் வீட்டுத் திண்ணையின் படம்.

அதை வெளியே சொன்னதுதான் வினை. "பொறக்கறதுக்கு முன்னால இத்தனை ஆர்ப்பாட்டம் ஆகாது, கண்ணு பட்டுரும்" என்கிறார் மாமியார். சித்தி குடும்ப வாட்ஸப் குழுவிலேயே "சினிமா செட்டு போடறியா?" என்று கேட்டுவிட்டார். அம்மா, "நாங்கெல்லாம் வெறும் ரெக்ஸின் பெட்டுல படுத்துத்தான் பெத்தோம்" என்கிறார். வலி வந்தால் இதெல்லாம் கண்ணிலேயே படாது என்கிறாள் அலுவலகத் தோழி. கணவர் யார் பக்கமும் பேசுவதில்லை. நான் ஆசைப்படுவது அதிகப்படியா அக்கா? இவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

பெயர் வேண்டாம்,
திருப்பூரிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

அதிகப்படியே இல்லை. பிரசவ வலி சீராக ஏறுவதற்கு உடம்பில் ஆக்சிடோசின் சுரக்க வேண்டும். பயமும் கூச்சமும் கூடினால் அட்ரினலின் ஏறி, கர்ப்பப்பையின் சுருக்கம் மட்டுப்படும். தெரிந்த முகம், தெரிந்த வாசனை, கண்ணைக் குத்தாத வெளிச்சம் இவற்றைத் தேடுவது உடம்பின் தேவை. தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பிய நம் வழக்கத்திலும் இந்த அறிவு இருக்கிறது. அவள் வளர்ந்த வீட்டின் உள்ளறை, மங்கிய வெளிச்சம், சுற்றிலும் பழகிய பெண்கள். சில ஊர்களில் உத்தரத்தில் கயிறு கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்து பெற்றார்கள். அந்தக் காலம் திரும்ப வேண்டும் என்று சொல்லமாட்டேன். ரத்தப்போக்கு நிற்காமல் எத்தனையோ தாய்மார் அந்த உள்ளறைகளிலேயே போய்ச் சேர்ந்தார்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. இது நமக்குக் கிடைத்த பெரிய பாதுகாப்பு. ஆனால் மருத்துவமனைக்குள் போனபோது பழகிய முகங்களும் பழகிய துணியும் வாசலோடு நின்றுவிட்டன. அவற்றைத்தான் நீங்கள் உள்ளே எடுத்துப் போகப் பார்க்கிறீர்கள்.

உங்கள் நோட்டில் இருப்பவற்றுக்கு வருகிறேன். தோழி சொன்னதில் பாதி உண்மை. வலி உச்சத்துக்குப் போனால் பல பெண்கள் கண்ணைத் திறப்பதே இல்லை. அதனால் கண்ணுக்கானதைக் குறைத்து, கைக்கும் காதுக்கும் மூக்குக்குமானதைக் கூட்டுங்கள். திண்ணைப் படத்தை எதிர்ச் சுவரில் மாட்டிப் பயனில்லை. பெரும்பாலும் ஒருக்களித்துத்தான் படுத்திருப்பீர்கள், படம் அந்தப் பக்கம் தலையணை உயரத்தில் இருக்கட்டும். தலையணைக்கு வெள்ளை உறை வேண்டாம். மருத்துவமனை உறைகளோடு கலந்து சலவைக்குப் போய்விடும், பூப்போட்டதாகப் போடுங்கள். சுங்குடிச் சேலையைக் கட்டிலில் விரிக்காதீர்கள், ரத்தமும் பனிக்குட நீரும் பட்டு வீணாகும். நாலாக மடித்துக் கையில் பிடித்துக்கொள்ளலாம், இடுப்பு வலிக்கும்போது முதுகுக்குக் கொடுக்கலாம், நடக்கும்போது தோளில் போட்டுக்கொள்ளலாம். அம்மாச்சியின் வாசனை அதில் இன்னும் மிச்சமிருந்தால் துவைக்காமலே கொண்டு போங்கள்.

சாம்பிராணி, ஊதுபத்தி, அகல்விளக்கு எதுவும் அங்கே கூடாது. ஆக்ஸிஜன் இருக்கிற இடம். பிடித்த வாசனை வேண்டுமானால் கைக்குட்டையில் ஒரு சொட்டு விடுங்கள். நடுவில் அதே வாசனை குமட்டலாம், கைக்குட்டையென்றால் தூக்கி வெளியே வைத்துவிடலாம். அறை முழுக்கப் பரப்பிய மணத்தை என்ன செய்வீர்கள்?

கடிகாரத்தைப் பற்றி உங்கள் நோட்டில் எதுவும் இல்லை. என் பிரசவத்தில் கட்டிலுக்கு நேர் எதிரே பெரிய சுவர்க்கடிகாரம். ஒவ்வொரு வலிக்கும் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துப் பார்த்தே பாதி சோர்ந்தேன். என் அக்கா அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினாள், நர்ஸ் தன் கைக்கடிகாரத்தைக் காட்டிச் சிரித்துவிட்டுப் போனார். அந்த அறையில் எனக்கு அதிகம் உதவியது அந்தத் துண்டுதான்.

இப்போது பேச்சு. வருகிற கருத்துகளில் நீங்கள் காது கொடுக்க வேண்டியது ஒன்றுக்குத்தான்: அந்த அறையில் நின்று வேலை செய்யப்போகிறவர்கள் சொல்வது. பிளக் பாயிண்டுகளை எடுத்துக்கொள்ளாதீர்கள் என்பார்கள். குழந்தையின் துடிப்பைக் காட்டும் சிடிஜி கருவிக்கும், சளியை உறிஞ்சும் சக்‌ஷனுக்கும், குழந்தையைக் கிடத்தும் வார்மருக்கும் அவை வேண்டும். வார்மர் இருக்கும் மூலையில் ஒரு பொருளும் வைக்கக் கூடாது, அவசரத்தில் நாலு பேர் ஓடிவரும் வழி அது. குழந்தையின் துடிப்பைக் கேட்கும்போது பாட்டை நிறுத்தச் சொல்வார்கள். பெரிய விளக்கைப் போடு என்றால் மறுபேச்சில்லாமல் போட வேண்டும். பிறக்கிற நேரத்தில் அறை 25 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம், எவ்வளவு வேர்த்தாலும் ஏசியின் குளிரைக் கூட்ட விடமாட்டார்கள். எட்டாம் மாதத்திலேயே ஒருநாள் லேபர் வார்டு சிஸ்டரிடம் நோட்டைக் காட்டி, எது ஆகும் எது ஆகாது என்று கேட்டு, ஆகாததை அடித்துவிடுங்கள். கேட்டுக்கொண்டு வருகிற பெண்ணுக்கு அவர்கள் நிறையவே விட்டுக் கொடுப்பார்கள்.

அம்மா சொன்னது எனக்குக் குத்தலாகப் படவில்லை. நீங்கள் பிறந்தபோது அரசு மருத்துவமனைகளின் பிரசவ வார்டில் சொந்தக்காரர் ஒருவரையும் உள்ளே விடமாட்டார்கள். பிரசவத்தின்போது ஒரு பெண் துணை கூட இருக்கலாம் என்று தமிழ்நாடு அனுமதித்ததே 2004-இல்தான். வரிசையாகக் கட்டில்கள், திரை இருந்தால் உண்டு, கத்தினால் அதட்டல். "அந்த ரெக்ஸின் பெட்டுல படுத்திருந்தப்ப பக்கத்துல யாரும்மா இருந்தாங்க?" என்று அவரிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு வாயைத் திறக்காமல் உட்காருங்கள். இத்தனை வருடமாக யாரும் கேட்காத கேள்வி அது. பேசி முடித்த பிறகு அவரே உங்கள் நோட்டை வாங்கிப் பார்ப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

மாமியாரிடம் கண்ணேறு உண்டா இல்லையா என்று வாதாட வேண்டாம். "படம் எடுத்து யாருக்கும் அனுப்பமாட்டோம் அத்தை" என்று வாக்குக் கொடுங்கள். உங்களுக்கும் அதுதான் நல்லது, பிரசவ அறை ஸ்டேட்டஸில் போடுகிற இடம் இல்லை. குழந்தையை வாங்கிச் சுற்ற மெத்தென்ற பழைய வேட்டித்துணிகளைத் துவைத்து வெயிலில் காயவைத்துத் தரும்படி அவரையே கேளுங்கள், மருத்துவமனையில் ஒப்புக்கொண்டால். அந்த அறைக்குள் அவர் கையும் பட்டிருக்கும்.

சித்திக்குப் பதிலே வேண்டாம். குழுவில் இனி இதைப் பற்றி ஒரு வரியும் எழுதாதீர்கள்.

இன்னொன்று, மனதைத் திடப்படுத்திக்கொண்டு கேளுங்கள். அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் 63.8 சதவீதம் அறுவை சிகிச்சை. உங்களுக்கும் அது வரலாம். ஆபரேஷன் தியேட்டருக்குள் சேலையும் சர விளக்கும் வராது. கணவர் உள்ளே வரலாமா, போனில் மெல்லப் பாட்டு வைக்கலாமா, குழந்தையை உடனே நெஞ்சில் போடுவார்களா என்று இப்போதே டாக்டரிடம் கேட்டு, நோட்டில் தனிப் பக்கமாக எழுதி வையுங்கள். "இதுக்கா இத்தனை ஏற்பாடு?" என்று அன்றைக்குக் கேட்கவும் ஆள் இருப்பார்கள். வலியோடு நீங்கள் இருந்த ஒவ்வொரு மணி நேரமும் அந்த அறை உங்களுக்குப் பயன்பட்டிருக்கும். அறுவை என்பதால் அது வீணாகாது.

உங்கள் கணவரைப் பற்றித்தான் எனக்குக் கவலை. பிரசவம் முழுக்க ஒருவர் விலகாமல் கூட இருந்தால் வலி நேரம் குறைகிறது, அறுவையும் குறைகிறது என்று 2017-இல் மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பு 26 ஆய்வுகளிலிருந்து காட்டியிருக்கிறது. அவற்றில் பங்கேற்றவர்கள் 15,000-க்கும் மேற்பட்ட பெண்கள். விளக்குக்கும் விரிப்புக்கும் இவ்வளவு உறுதியான சான்று கிடையாது. அந்த அறையில் உங்களுக்கு வேண்டிய முதல் ஆள் அவர், இப்போதே வாயைத் திறந்து பழக வேண்டும். "அவளுக்கு இது வேணும், நானும் கூட இருக்கப்போறேன்" என்று தன் அம்மாவிடமும் உங்கள் சித்தியிடமும் அவரே சொல்லட்டும். வலி எடுத்த பிறகு வருகிற போன்களை எடுத்துப் பேசுவதும் அவர் வேலை, உங்கள் போனும் அவரிடமே இருக்கட்டும். இந்தப் பதிலை அவருக்குப் படிக்கக் கொடுங்கள். அடுத்த செக்கப்புக்குப் போகும்போது பிளக் எத்தனை, விளக்கு சுவிட்ச் எது, கடிகாரம் எங்கே மாட்டியிருக்கிறது என்று அந்த அறையை அவரே பார்த்துவிட்டு வந்து நோட்டில் எழுதட்டும்.

அன்புடன்,
அக்கா