எஃப்.ஐ.ஆர்., கைது, சாட்சி: கேட்டவற்றுக்குப் பதில்கள்

கேள்வி: பைக் திருட்டுக்குப் புகார் கொடுத்தேன் சார். சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து அனுப்பிவிட்டார்கள். போதுமா?

பதில்: போதாது. புகார் கைக்கு வந்தது என்பதற்குத்தான் அந்தச் சீட்டு, வழக்குப் பதிவானதற்கு இல்லை. பைக் திருட்டு போல, பிடியாணை இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம் என்றால் எஃப்.ஐ.ஆர். கட்டாயம் என்று 2013-லேயே லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக இப்போதுள்ள பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களுக்கு, டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை நடத்தலாம், அதைக் காரணம் காட்டினால் அனுமதி வாங்கியாயிற்றா, 14 நாள் என்றைக்கு முடிகிறது என்று கேளுங்கள். மறுத்தால் புகாரை எழுதி எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள், தபால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அதற்கும் அசையவில்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு.

கேள்வி: சம்பவம் வேறு ஊரில் நடந்தது.

பதில்: எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம். இதற்குப் பெயர்தான் ஜீரோ எஃப்.ஐ.ஆர்., 2024 ஜூலை 1 முதல் சட்டத்திலேயே இருக்கிறது. நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: ஒரு வழக்கில் சாட்சி என்று என் அம்மாவை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிப் போன் வந்தது.

பதில்: போக வேண்டியதில்லை. சாட்சி பெண் என்றால் எந்த வயதானாலும் வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். சாட்சியை அழைப்பதற்கே எழுத்து மூலமான உத்தரவு வேண்டும், போன் போதாது. போலீஸ் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்துப் போடவும் கூடாது. வெற்றுத்தாளை நீட்டினால் தொடவே தொடாதீர்கள்.

கேள்வி: தம்பியை நேற்று ராத்திரி அழைத்துப் போனார்கள். எதற்கென்று சொல்லவில்லை.

பதில்: இப்போதே கிளம்புங்கள். கைதுக்கான காரணத்தை அவரிடம் சொல்லியாக வேண்டும், வீட்டாருக்கும் தெரிவித்தாக வேண்டும். பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். எத்தனை மணிக்குக் கூட்டிப்போனார்கள், யார் வந்தார்கள், யார் பார்த்தார்கள் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தகராறு வருவதே இந்த நேரத்தில்தான். வக்கீலுக்கு வசதியில்லையென்றால் இலவச சட்ட உதவி எண் 15100-க்கு அழையுங்கள், காவலில் இருப்பவருக்கு இலவச சட்ட உதவி உரிமை. வெற்றுத்தாள் எச்சரிக்கை உங்களுக்கும் சேர்த்துத்தான்.

கேள்வி: செல்போன் திருடனைக் கையும் களவுமாகப் பிடித்து, கம்பத்தில் கட்டி நாலு சாத்து சாத்தித்தான் ஒப்படைத்தோம். தப்பா?

பதில்: பிடித்தது சரி. கண்ணெதிரே அப்படியொரு குற்றம் செய்தவரைப் பொதுமக்களே பிடிக்கலாம், 6 மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும். அடித்தது குற்றம். கைதானவரை டாக்டர் பரிசோதித்துக் காயங்களை எழுதுவார், அந்தக் குறிப்பே உங்கள் மேல் வழக்காகத் திரும்பலாம்.

கேள்வி: நாலு நாளில் ஜாமீனில் வந்துவிடுகிறானே, அடிக்காமல் என்ன செய்வது?

பதில்: ஜாமீன் விடுதலை இல்லை, வழக்கு அப்படியே நிற்கிறது. அது தோற்பது பெரும்பாலும் சாட்சி வராததால்தான். அன்றைக்குக் கை ஓங்கியவர்களில் எத்தனை பேர் கோர்ட் படி ஏறினீர்கள்? பார்த்ததைப் பார்த்தபடி வந்து சொல்லுங்கள், தண்டனை அப்படித்தான் கிடைக்கும்.

கேள்வி: அப்போ திருடனுக்கு வக்காலத்தா?

பதில்: ஆமாம், உயிருக்கும் சுதந்திரத்துக்கும், கைதானவரின் உரிமைக்கும் காப்பான அரசியலமைப்பின் 21, 22-ம் பிரிவுகள் அவருக்கும் உண்டு. ஆள் மாறி உங்கள் பையனைக் கம்பத்தில் கட்டினால் நீங்கள் தேடி ஓடுவதும் அதே பிரிவுகளைத்தான். கூட்டம் அடித்துச் செத்தவர் நிரபராதி என்று அப்புறம் தெரிந்தால் யார் திருப்பித் தருவது? இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

கேள்வி: சி.எஸ்.ஆர். போதுமா சார்?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: என் புகாருக்கும் சி.எஸ்.ஆர். மட்டும்தான்...

பதில்: மேலே இருக்கிறது.

கேள்வி: விவாகரத்துக்கு எவ்வளவு நாள் ஆகும்?

பதில்: நான் பார்ப்பது கிரிமினல் வழக்குகள். குடும்ப நல நீதிமன்ற வக்கீலைப் பாருங்கள்.

கேள்வி: விபத்தில் அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தால் நம்மை இழுத்துவிடுவார்களே?

பதில்: தைரியமாகச் சேருங்கள். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் வந்த 134ஏ பிரிவு உங்களுக்குப் பாதுகாப்பு. பெயர், முகவரி சொல்லும்படி போலீஸும் கட்டாயப்படுத்த முடியாது, ஆஸ்பத்திரியும் முடியாது.