ஓட்டு கேட்டு வருகிறவரிடம் நொய்யலைப் பற்றி என்ன கேட்பது?

கேள்வி: சென்னிமலை பக்கம் நொய்யல் கரையில் நாலு ஏக்கர் தோட்டம் எங்களுக்கு. கிணற்றுத் தண்ணீர் இன்னும் உப்புதான். தேர்தலுக்குத் தேர்தல் ஆற்றைச் சுத்தம் செய்வதாகச் சொல்கிறார்கள். எதைக் கேட்டால் பலன் இருக்கும்?

பதில்: சாயக்கழிவு இறங்கியது திருப்பூரில். அது வந்து தேங்கியது உங்கள் பக்கத்து ஒரத்துப்பாளையம் அணையில். இரண்டும் ஒரே தொகுதி இல்லை. சாயப்பட்டறை மூடினால் வேலை போகுமே என்று பயப்படுகிறவரின் ஓட்டு அங்கே, தோட்டம் கெட்டுப்போனவரின் ஓட்டு இங்கே. உங்கள் எம்.எல்.ஏ. மனது வைத்தாலும் தனியாக அவரால் ஆகாது.

1992இல் கட்டி முடித்த அணை சில வருடங்களிலேயே சாயத்தண்ணீர்க் குட்டையானது. அப்புறம் எத்தனையோ தேர்தல்கள் வந்து போயின. ஆயக்கட்டு விவசாயிகள் உயர் நீதிமன்றம் போய் நின்றதால்தான் 2011 ஜனவரி 28 அன்று சாயப்பட்டறைகளை மூட உத்தரவு வந்தது. ஏப்ரல் 13 சட்டமன்றத் தேர்தல். திருப்பூர்க்காரர்களின் பிழைப்பே கேள்வியாகி நின்ற அந்தச் சமயத்தில், புதிதாக வந்த அரசு, பல பட்டறைகளின் சாயக்கழிவைச் சேர்த்துச் சுத்தம் செய்யும் பொது சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் தந்தது. நீதிமன்ற உத்தரவின் நெருக்கடியும் ஓட்டின் நெருக்கடியும் சேர்ந்து வந்ததால்தான் பணம் இறங்கியது என்பது என் கணிப்பு.

1996 சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சித் தொகுதியில் விவசாயிகள் எதிர்ப்பைக் காட்டக் கூட்டமாக மனுப்போட்டதில் 1,033 பேர் போட்டியிட்டு, வாக்குச்சீட்டே புத்தகமானது நினைவிருக்கும். விவசாயிகள் குறையை நாடே திரும்பிப் பார்த்தது. ஆனால் அதன்பின் டெபாசிட் தொகையை ஏற்றிவிட்டார்கள். அந்த வழி இப்போது வேண்டாம்.

‘ஆற்றைச் சுத்தம் செய்வீர்களா?’ என்று கேட்டால் ‘கட்டாயம்’ என்பார்கள். அதற்குப் பதில், சாயக்கழிவோடு நிற்காமல், ஆற்றின் மேல்பகுதியில் எந்த ஊர்ச் சாக்கடை சுத்திகரிக்காமல் ஆற்றில் விழுகிறது, அதற்கு நிலையம் எந்த மாதத்துக்குள் முடியும் என்று கேளுங்கள். திருப்பூர் வேட்பாளர்களிடமும் கடைமடைக்காரர்கள் சேர்ந்து போய் இதையே கேளுங்கள். சாக்கடை மாநகராட்சி, நகராட்சியின் பொறுப்பு என்பதால் உள்ளாட்சித் தேர்தலையும் விட்டுவிடாதீர்கள்.

இதையெல்லாம் தேர்தல் தேதி அறிவிக்கும் முன்பே செய்யுங்கள். நடத்தை விதி அமலுக்கு வந்தால் அமைச்சர்கள் புதுத் திட்டம் அறிவிக்க முடியாது. கேட்கப் போகும்போது கையில் அளவு இருக்க வேண்டும். உங்கள் பகுதி ஆற்றுநீரின் உப்பு அளவைக் கேட்டு, மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு. அதைக் கணக்கில் வைத்து இப்போதே எழுதிவிடுங்கள்.