பீஷாவில் போர்வெல்லை ஆழமாக்கினால் தண்ணீர் கிடைக்குமா?

கேள்வி: சவூதி அரேபியாவில் பீஷா பக்கம் ஒரு பேரீச்சந்தோட்டத்தில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். வாடி (மழை பெய்தால் மட்டும் ஓடும் ஆறு) ஓரமாக இருக்கும் கிணறு 25 மீட்டரில் வற்றிவிட்டது. அடியில் கருங்கல். வாடி அத்தவாசிரில் ஆழமாகப் போர் போட்டுப் பயிர் செய்கிறார்கள், நாமும் 300 மீட்டர் போகலாம் என்கிறார் முதலாளி. நிலவியல் வரைபடம் ஒன்று கையில் இருக்கிறது. அதில் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: ரிக் வண்டிக்கு முன்பணம் கொடுப்பதை நிறுத்தி வையுங்கள். வாடி அத்தவாசிரை உதாரணம் காட்டுவது இங்கே செல்லாது. அங்கே அடியில் இருப்பது வஜீத் மணற்கல். மணல் துகள்களின் இடுக்கெல்லாம் தண்ணீர், அதுவும் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பெய்த மழை. அதனால் ஆழம் போனால் பலன் உண்டு. ரியாத்தில் மின்ஜூர் என்ற மணற்கல் அடுக்குக்குப் போடும் கிணறுகள் ஒரு கிலோமீட்டருக்கும் கீழே போகின்றன, தண்ணீர் சூடாகவே மேலே வரும். ஆனால் அந்தச் சேமிப்பு திரும்ப ஊறுவதில்லை. உள்நாட்டுக் கோதுமைக் கொள்முதலை 2016-க்குள் நிறுத்த அரசு முடிவெடுத்ததே அதனால்தான்.

பீஷா இருப்பது அரேபியக் கேடயப் பகுதியில். 50 கோடி ஆண்டுகளுக்கும் மூத்த கெட்டிப் பாறை. மேலே சிதைந்த அடுக்கிலும் பிளவுகளிலும் மட்டும்தான் தண்ணீர் நிற்கும். ஆழம் போகப் போகப் பிளவுகள் இறுகிவிடும். பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர், நம் போரில் புகை என்ற கதை தமிழ்நாட்டுப் பாறை மாவட்டத்துக்காரர்களுக்குப் புதிதல்ல.

கேடயப் பகுதி வரைபடங்கள் பெரும்பாலும் 1:2,50,000 அளவில் இருக்கும். ஒரு சென்டிமீட்டர் என்றால் இரண்டரை கிலோமீட்டர். போர் போடும் புள்ளியை அது சொல்லாது, எங்கே தேடலாம் என்று சொல்லும். வாடியைக் குறுக்கே வெட்டும் பிளவுக் கோடுகளைத் தேடுங்கள். அப்புறம் டைக் எனப்படும் மெல்லிய கோடுகள். இவை பாறைக்குள் சுவர் போல எழுந்த எரிமலைக் குழம்பு. வாடியின் இரு கரையிலும் ஒரே திசையில் கருமையான கல்வரிசை தெரிந்தால், நடுவில் மணலுக்கடியிலும் அந்தச் சுவர் தொடர வாய்ப்பு அதிகம். மணலுக்குள் ஓடும் தண்ணீரை அது தடுப்பணை போல நிறுத்தும். துளையிட வேண்டியது அதன் மேல்புறம், அதாவது தண்ணீர் வந்து சேரும் பக்கம். கருவேல மரங்கள் அங்கே மட்டும் அடர்ந்திருந்தால் இன்னும் நல்லது.

இந்த வரைபடங்களுக்காகப் பலர் வெயிலில் அலைந்ததில் தங்கம், செம்பு தேடலுக்குப் பெரிய பங்குண்டு. 1931-இல் தண்ணீர் தேட வந்த அமெரிக்கப் பொறியாளர் கார்ல் ட்விட்செல்தான் பின்னாளில் மஹ்த் அத்தஹப் தங்கச் சுரங்கத்துக்கு உயிர் கொடுத்தார். தாதுக்கள் ஏறி வந்த பிளவுகள் சில இன்று தண்ணீருக்கும் வழிவிடுகின்றன. அதனால் கனிம வரைபடம்தானே என்று ஒதுக்காதீர்கள்.

இடம் தேறியதும் வாடிக்குக் குறுக்காக மின்தடை ஆய்வு (நிலத்துக்குள் மின்சாரம் செலுத்தி, அது எவ்வளவு தடைபடுகிறது என்று அளப்பது) செய்யச் சொல்லுங்கள். உலர்ந்த கிரானைட்டில் தடை மிக அதிகம், ஈரப் பிளவில் குறையும். களிமண்ணிலும் உப்புத் தண்ணீரிலும்கூடக் குறையும் என்பதுதான் சிக்கல். அக்கம்பக்கக் கிணறுகளின் உப்பளவையும் சேர்த்துப் பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம். பேரீச்சை ஓரளவுக்குத்தான் தாங்கும்.

அதற்கும் முன்னால், இருக்கிற கிணற்றைத் தூர்வாரி, சிதைந்த பாறை மட்டத்தில் வாடிப் பக்கமாகக் கிடைமட்டமாகச் சைடு போர் போட்டுப் பாருங்கள். செலவு குறைவு. புதிதாகத் துளையிடுவதானால் சுற்றுச்சூழல், நீர், வேளாண் அமைச்சகத்தின் உரிமம் வேண்டும். 100 மீட்டர் வரை ஈரப் பிளவே தட்டுப்படவில்லை என்றால், முதலாளி எவ்வளவு வற்புறுத்தினாலும் அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள்.