வீட்டு லேத்தில் துல்லியமான ரைபிள் கட்டிப் பழகலாமா? திருகோணமலையிலிருந்து ஒரு லேத்காரனின் பதில்

கேள்வி இதுதான்: "என்னிடம் ஒரு சின்ன லேத் (உலோகத்தைச் சுழற்றிக் கடையும் இயந்திரம்) இருக்கிறது. வெளிநாட்டில் சிலர் பொழுதுபோக்காகத் தாங்களே துல்லியமான ரைபிள் கட்டுகிறார்கள். இலங்கையில் இதைத் தொடங்க முடியுமா?"

நீங்கள் இருபது, இருபத்தைந்து வயதுப் பொடியன், வீடியோ பார்த்து ஆசைப்பட்டவர் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். முடியாது, தம்பி. 1916இல் வந்த துப்பாக்கிச் சட்டம் திருத்தங்களோடு இன்றும் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் வைத்திருப்பதும் குற்றம், செய்வதும் குற்றம். பொழுதுபோக்கு என்று சொல்லித் தப்ப வழியில்லை.

இதோடு நிறுத்தியிருப்பேன். "லேத் இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இரண்டு சொல்தான் என்னை எழுத வைத்தது.

என் அப்பா இங்கே டொக்யாட்டில், கப்பல் திருத்தும் இடத்தில், டேர்னர், அதாவது லேத்தில் கடைபவர். பிரித்தானியக் கடற்படை 1957இல் தளத்தைக் கையளித்துவிட்டுப் போகும்வரை அவர்களிடம் வேலை பழகியவர். பிறகு சொந்தமாக ஒரு லேத் போட்டார். 1990இல், யுத்த காலத்தில், ஒரு நாள் லேத்தின் சக்கில் (கம்பியைக் கவ்விப் பிடிக்கும் பகுதி) மீன்பிடி வள்ளத்தின் புரொப்பெலர் சாப்ட் ஏற்றியிருந்தோம். ஒன்றேகால் அங்குல விட்டம், நாலடி நீளம். பட்டறைக்குள் வந்தவர்களுக்கு அது துவக்குக் குழலாகத் தெரிந்தது. அப்பா அதைக் கழற்றி இரண்டு முனையையும் வெளிச்சத்தில் காட்டினார். "பாருங்கோ, ஓட்டையே இல்லை, இது முழுக் கம்பி" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். இரண்டு இரவு நான் வீட்டுக்கு வரவில்லை. வந்தவர்கள் யார் என்று எழுதமாட்டேன். அந்த வருடம் இந்த ஊரில் எல்லாப் பக்கமிருந்தும் ஆட்கள் வந்தார்கள். கம்பிக்கும் குழலுக்கும் வித்தியாசம் பார்க்க யாருக்கும் நேரமிருக்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன், லேத்தையும் துவக்கையும் ஒரே வசனத்தில் எழுதாதீர்கள்.

"அப்படியென்றால் உனக்கு இதைப் பற்றி என்ன தெரியும், இந்த ஊர் துவக்கால் பட்டது போதாதா" என்று கேட்க ஆட்கள் இருப்பார்கள். பட்ட வீடுதான் என்னுடையதும். ஆனாலும் கடதாசியில் ஐந்து துளையை ஒரே துளையாக்கப் பார்க்கிறவன் செய்வது அளவு வேலை. அதை நான் கண்ணால் பார்த்தேன்.

2018இல் கனடா போயிருந்தேன். அக்காவின் மகன் ஸ்காபரோவில் இருக்கிறான். பாதுகாப்புப் பாடம் படித்து, பரீட்சை எழுதி, பொலிஸ் பின்னணி பார்த்த பிறகு கிடைக்கும் அனுமதிப்பத்திரம் வைத்திருக்கிறான். ரெமிங்டன் 700 அக்‌ஷன் ஒன்று, அதாவது தோட்டாவை ஏற்றி வெடிக்க வைக்கும் பகுதி, வாங்கி, அதற்கென்று கடைந்த துருப்பிடிக்காத உருக்குக் குழலை உரிமம் பெற்ற துவக்குக் கம்மியரிடம் கொடுத்துப் பூட்டி எடுத்திருந்தான். குழலைத் தாங்கும் வால்நட் மரக் கட்டையில் அதைத் தானே பொருத்தியிருந்தான். இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து செய்த வேலை. என்னையும் சுடும் திடலுக்குக் கூட்டிப் போனான். நான் சுடவில்லை, பின்னால் கதிரை போட்டு இருந்தேன்.

அவர்கள் துல்லியத்தை "மினிட்" என்று அளக்கிறார்கள். ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. 100 யார் தூரத்தில் அது 1.047 அங்குலம். ஐந்து வெடி வைத்து, ஆகத் தூரத்தில் இருக்கும் இரண்டு துளைகளின் நடுவுக்கு நடு அளப்பார்கள். மூன்று வெடி வைத்துவிட்டுப் பெருமைப்படுவது சரியில்லை. மூன்று துளை அதிர்ஷ்டத்தாலும் ஒட்டி விழும்.

மருமகனின் முதல் இரண்டு துளையும் ஒட்டி விழுந்தன. மூன்றாவது மேலே வலப்பக்கம் போனது. நாலாவதும் ஐந்தாவதும் அதே பக்கம் இன்னும் விலகிப் போயின. ஆகத் தூரமான இரண்டு துளைக்கு நடுவே இரண்டேகால் அங்குலம். "மாமா, குழலே சரியில்லைப் போல, காசு வீண்" என்றான். முகம் வாடிவிட்டது.

குழல் பிழையென்றால் துளைகள் கண்டபடி சிதறும் என்றுதான் எனக்குப் பட்டது. இது ஒரே பக்கமாக நடந்து போகிறது. பட்டறையில் சாப்ட் சூடேறினால் எந்தப் பக்கம் இடிக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம்தான் வளையும். வெடிக்கும்போது குழல் தந்தி மாதிரி அதிரும். ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி அதிர்ந்தால் குண்டும் ஒரே இடத்துக்குப் போகும். கட்டை ஓரிடத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அதிர்வு மாறும். சூட்டில் குழல் விரிய விரிய அந்தத் தொடுகை இன்னும் அழுத்தும். மரமோ ஈரத்துக்கு ஊதும், காய்ந்தால் சுருங்கும். நம் ஊர் வாடைக்காற்றுக் காலத்தில் கதவு இறுகுவது போலத்தான்.

துவக்கை வெறுமையாக்கி, போல்ட்டைக் கழற்றச் சொன்னேன். என் பேர்ஸில் இலங்கை இருபது ரூபாய்த் தாள் ஒன்று கிடந்தது. அதைக் குழலுக்குக் கீழே கொடுத்து, இரண்டு கையாலும் பிடித்து, நுனியிலிருந்து பின்னால் இழுத்து வந்தேன். வழுவழுவென்று வந்த தாள், கட்டையின் முன் நுனியிலிருந்து நாலு விரல் தள்ளி இடப்பக்கம் சிக்கியது. அதற்குப் பின்னால் மறுபடி ஓடியது. பென்சிலால் அந்த இடத்தை அடையாளம் வைத்தோம். ஒரு பெருவிரல் அகலம்தான். அன்றிரவு அவனே மெல்லிய மணற்கடதாசியால் அதைத் தேய்த்து, மரத்தில் ஈரம் ஏறாமல் எண்ணெய் பூசினான். அடுத்த கிழமை அதே குழல், அதே தோட்டா. ஐந்து துளையும் முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் கூடிய இடைவெளிக்குள் நின்றன. பொடியன் என்னைக் கட்டிப்பிடித்தான். அந்தக் கடதாசி அட்டை என் பட்டறைச் சுவரில் இருக்கிறது.

தாள் வைத்துப் பார்ப்பது எனக்கு முன்பே எத்தனையோ பேருக்குத் தெரிந்த வழி. நான் கண்டுபிடித்ததாகச் சொல்லவில்லை. குழலைக் குறை சொல்வதற்கு முன் அளந்து பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனையும் எழுதினேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சில வருடத்துக்கு முன் ஒருவர் தண்ணிக் குழாய்த் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து, இடியன் துவக்குக்கு (உள்ளூரில் செய்யும் நாட்டுத் துவக்கு) உள்ளே கடைந்து தரச் சொன்னார். பன்றி தோட்டத்தை அழிக்கிறதாம். அவர் கஷ்டம் உண்மை. ஆனாலும் மாட்டேன் என்றேன். தண்ணிக் குழாய் அந்த அழுத்தத்துக்குச் செய்த உருக்கு அல்ல, வெடித்தால் பிடித்திருப்பவர் முகத்தில்தான் வெடிக்கும். கட்டுத்துவக்காக, தட்டுப்பட்டதும் தானே வெடிக்கும்படி, காட்டில் கட்டினால் பன்றி, யானை, விறகுக்குப் போகும் மனிசர் என்று அது ஆள் பார்க்காது. ஐந்நூறு ரூபாய் கூடத் தருகிறேன் என்று வாசலில் நின்று கேட்டார். மாட்டேன் என்றே அனுப்பினேன்.

சுடுவதில்தான் ஆசையென்றால் 10 மீற்றர் எயார் ரைபிள் போட்டி இருக்கிறது. நம் நாட்டு தெஹானி எகொடவெல டோக்கியோ ஒலிம்பிக் வரை போனார். அந்த இலக்கின் நடுப் புள்ளி 0.5 மில்லிமீற்றர்தான், பேனா முனை அளவு. முறையாக நடக்கும் கழகத்தில் சேர்ந்து பழகுங்கள். நிலாவெளிக்கு முன்னாலுள்ள புறாத்தீவில் வெள்ளைக்காரன் காலத்தில் சுட்டுப் பழகினார்களாம். 2003இலிருந்து அது தேசியப் பூங்கா. நல்ல காரியம்.

கட்டுவதில் ஆசையென்றால் லேத்தைத் துவக்கு இல்லாமலே பழகுங்கள். ஓரடி உருக்குக் கம்பியை நாலு ஜோ சக்கில் (நாலு தாடையுள்ள சக்) ஏற்றி, டயல் கேஜ் (நுண்ணிய அசைவைக் காட்டும் அளவுக் கருவி) முள் அசையாமல் நடுப்படுத்துங்கள். முதல் தடவை ஒரு மணித்தியாலம் போகும். பிறகு இரண்டு முனைக்கும் சென்டர் (கூர்முனைத் தாங்கி) கொடுத்து முழு நீளத்தையும் கடைந்து அளந்து பாருங்கள். ஒரு முனைக்கும் மறு முனைக்கும் ஒரு தௌ, அதாவது ஆயிரத்தில் ஒரு அங்குலம், அதற்குள் வந்தால் எனக்குச் சொல்லுங்கள். என்னிடம் பழக வந்தவர்களில் இரண்டு பேர்தான் அதுவரை பொறுத்திருந்தார்கள்.

அளவுக் கருவியைக் காசு பாராமல் வாங்குங்கள், இரவல் கொடுக்காதீர்கள். அப்பாவின் மூர் அன்ட் ரைட் மைக்ரோமீற்றரை, தெரிந்தவர் கேட்கிறாரே என்று ஒரு நாள் கொடுத்தேன். அவர் அதை இரும்புத் தகடு பிடிக்கும் கிளாம்பாகப் பாவித்துவிட்டுத் திருப்பித் தந்தார். "ஒன்றும் ஆகவில்லை, நல்லாத்தான் இருக்கு" என்றார். மூடிப் பார்த்தால் பூச்சியத்தில் நிற்கவில்லை, மூன்று தௌ தள்ளி நிற்கிறது. அறுபது வருடம் அப்பா எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருந்த பொருள். இன்றுவரை அந்த மனிதர் ஒரு மன்னிப்புக் கேட்கவில்லை. இதை எழுதும்போதும் நெஞ்சு எரிகிறது.

திருமலைப் பக்கம் இருந்தால், கிழமை நாளில் பின்னேரம் நாலுக்குப் பிறகு வாருங்கள். டயல் கேஜ் தருவேன், கம்பியும் தருவேன். அப்பாவின் மைக்ரோமீற்றரை மட்டும் கேட்க வேண்டாம்.