வெட்டிய காட்டில் மறுநடவு: செலவு எங்கே குறையும்?

மறுநடவுச் செலவு பற்றி வந்த கேள்விகளில் பெரும்பாலானவை நடவு நாளையே சுற்றுகின்றன. பணம் அதிகம் கரைவது அதற்கு முன்னும் பின்னும்தான். அதனால் பதில்களும் அந்தப் பக்கமே போகின்றன.

மரங்களை வெட்டி ஓராண்டு ஆகிவிட்டது. புதர் மண்டி, நிலத்தைச் சுத்தம் செய்யவே கூலி எகிறுகிறது. என்ன செய்யலாம்?

இந்தத் தடவை முழுப் பரப்பையும் சுத்தம் செய்ய வேண்டாம். கன்று நிற்கப்போகும் வரிசைகளை மட்டும் பட்டை பட்டையாக வெட்டி எடுங்கள், போதும்.

அடுத்த பகுதியை வெட்டும்போது வேலையின் வரிசையையே மாற்றுங்கள். மரத்தை இழுத்துப்போட வந்த எக்ஸ்கவேட்டர் இடத்தில் இருக்கும்போதே, அதை வைத்துக் கிளை தழைகளை ஒதுக்கி, மண்ணையும் தயார் செய்து, கையோடு நட்டுவிட வேண்டும். மரம் ஏற்றிப் போன வண்டி திரும்பும்போது நாற்றைக் கொண்டுவரட்டும். ஜப்பானின் மலைச்சரிவுகளில் இப்படி வெட்டையும் நடவையும் ஒரே தொடர் வேலையாகச் செய்கிறார்கள். சுத்தம் செய்யும் கூலி மிச்சம். அதைவிடப் பெரிய லாபம், களை தலையெடுக்கும் முன்பே கன்று மண்ணில் இருப்பது. வெட்டுக்கு ஒருவர், நடவுக்கு ஒருவர் என்று தனித்தனியாக ஒப்பந்தம் போட்டால் இது நடக்காது.

ஊசியிலைக் காடு என்றால் ஓர் எச்சரிக்கை. ஐரோப்பாவில், புதிதாக வெட்டிய பைன், ஸ்புரூஸ் அடிக்கட்டைகளைத் தேடி வரும் ஒரு கூன்வண்டு இளங்கன்றின் பட்டையையும் தின்றுவிடுகிறது. அடிமண்ணைக் கிளறி மேலே கொண்டுவந்து சிறு மேடாக்கி, அதன் நடுவில் கன்றை வைத்தால் சேதம் குறைகிறது.

பாலித்தீன் பை நாற்றே மலிவு. குழித்தட்டு நாற்றுக்கு எதற்குக் கூடுதல் விலை?

பையில் வேர் சுற்றிச் சுருண்டுகொள்ளும். நட்ட பிறகும் அந்தச் சுருள் எளிதில் நிமிராது. குழித்தட்டு என்பது சிறு குழிகள் கொண்ட நாற்றுத் தட்டு. நல்ல குழித்தட்டில், குழியின் உட்சுவரில் உள்ள மேடான வரிகள் வேரைக் கீழே இறக்குகின்றன. அடித்துளையில் காற்றுப் பட்டு நுனிவேர் நின்றுவிட, பக்கவேர்கள் பெருகுகின்றன. எடையும் குறைவு என்பதால் ஒரு ஆள் ஒரு நடையில் அதிகம் சுமக்கலாம். பின்லாந்தில் பிறந்த பொட்டிபுட்கி போன்ற நடவுக் குழாய் இருந்தால் குனியாமலே நடலாம். முதுகு தப்பும், வேகமும் கூடும். விலையைக் கன்றுக்கு இவ்வளவு என்று ஒப்பிடாதீர்கள். பிழைத்த கன்றுக்கு இவ்வளவு என்று பாருங்கள்.

இடைவெளியைக் கூட்டினால் செலவு குறையுமே?

குறையும். 2 மீட்டருக்கு 2 மீட்டர் என்றால் ஹெக்டேருக்கு 2500 கன்று, 2.5 மீட்டராக்கினால் 1600. நாற்றிலும் குழியிலும் 36 சதவீதம் மிச்சம். ஆனால் இலைக்கூரை மூடத் தாமதமாகும், களை வேலை நீளும், பக்கக்கிளையும் தடிக்கும். பட்டுப்போனதை ஈடுகட்ட உபரிக் கன்றும் இருக்காது. முதலில் போன நடவில் எத்தனை பிழைத்தன என்று எண்ணிப் பாருங்கள். பாடுவாசிக்கே, அதாவது பட்டுப்போன இடத்தில் மறுபடி நடவே, ஆள் விட வேண்டியிருந்தது என்றால் இடைவெளியில் கை வைக்காதீர்கள்.

களை எடுத்தே கை ஓய்கிறது. எத்தனை வருடம் எடுக்க வேண்டும்?

வருடத்தை எண்ணாதீர்கள், உயரத்தைப் பாருங்கள். கன்றின் நுனி களைக்கு மேலே தெளிவாகத் தெரிகிறதா? அந்தப் பருவம் விட்டுவிடலாம். நுனி மூழ்கியிருந்தால் மட்டும் ஆள் அனுப்புங்கள். அப்போதும் கன்றைச் சுற்றி ஒரு வட்டம் போதும், முழு நிலத்தையும் மொட்டையடிக்க வேண்டாம். கொடி ஏறும் இடம் மட்டும் விதிவிலக்கு: அங்கே உயரமான கன்றும் மடங்கிவிடும். தொடக்கத்திலேயே தண்டு தடித்த, உயரமான நாற்றாக வாங்கினால் களைச் சுற்று குறைய நல்ல வாய்ப்பு உண்டு. அப்புறம், கன்றுக்கு அருகில் ஒரு குச்சி நடுங்கள். களையோடு கன்றும் வெட்டுப்படுவது எல்லா இடத்திலும் நடக்கும் இழப்பு.

ட்ரோனில் விதை தூவினால் ஆளே வேண்டாமாமே?

தழையின் மேல் விழுந்த விதை மண்ணைத் தொடாமலே காய்ந்துபோகும். மிச்சத்தை எலியும் பறவையும் தின்னும். மண்ணைக் கிளறிவிட்ட இடத்தில் மட்டும் முயன்று பார்க்கலாம். சரிவில் நாற்றுக் கட்டுகளை மேலேற்ற ட்ரோனைப் பயன்படுத்துங்கள், அதில் நிச்சயமான பலன் உண்டு.

அடிக்கட்டை துளிர்க்கிறது. விடலாமா?

யூகலிப்டஸ், தேக்கு என்றால் தாராளமாக. இப்படி அடிக்கட்டையிலிருந்து மீண்டும் வளரும் மறுதாம்பில் ஒன்றிரண்டு நல்ல தளிரை விட்டு மற்றதைக் கழியுங்கள். பெரும்பாலான பைன் வகைகளில் இது நடக்காது.

கன்று எண்ணிக்கைப்படி கூலி கொடுப்பது சரியா?

எண்ணிக்கை மட்டும் என்றால் வேகம் வரும், ஆழம் வராது. அன்றன்றைக்கே சில கன்றுகளை மெல்ல இழுத்துப் பாருங்கள். கையோடு வந்தால் மண் இறுகவில்லை, அந்த வரிசையை அப்போதே சரிசெய்யச் சொல்லுங்கள். முதல் வறட்சிக்குப் பிறகு பிழைத்ததை எண்ணி ஊக்கத்தொகை கொடுக்கலாம். மழை பொய்த்துப் பட்டுப்போன கன்றுக்கு நட்டவரின் அடிப்படைக் கூலியில் பிடித்தம் செய்யாதீர்கள்.