'குட் அட்' ஏன், 'குட் இன்' ஏன் இல்லை?

அன்புள்ள ஐயா,

வணக்கம். ஈசூனிலிருந்து எழுதுகிறேன். மன்னார்குடிப் பக்கம் தமிழ்வழியில் படித்து, கல்யாணமாகி சிங்கப்பூர் வந்தவள். மகன் தொடக்கநிலை 5. போன வாரம் கட்டுரையில் 'ஐயம் குட் இன் மேத்ஸ்' என்று எழுதியிருந்தான். ஆசிரியை அந்த 'இன்'னைச் சிவப்பு மையில் சுழித்து, மேலே 'அட்' என்று போட்டிருந்தார். ஏன்மா என்று கேட்கிறான். 'கணக்கில் கெட்டி' என்றுதானே நாமும் சொல்கிறோம்? 'இல்' என்றால் 'இன்' இல்லையா? எனக்குப் பதில் தெரியவில்லை.

துணைப்பாட ஆசிரியர் எந்தப் பெயரடைக்குப் பின்னால் எந்த பிரிபொசிஷன் என்று பக்கம் பக்கமாகப் பட்டியல் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்கிறார். பையன் அழுகிறான். இதற்கு ஒரு விதியே கிடையாதா?

அப்புறம் இன்னொன்று. பட்டியலில் 'டிஃபரன்ட் ஃப்ரம்' என்று இருக்கிறது. எங்கள் ஆபீஸில் இங்கிலாந்துக்காரர் ஒருவர் 'டிஃபரன்ட் டு' என்கிறார். யூடியூப் வீடியோக்களில் 'டிஃபரன்ட் தேன்' என்கிறார்கள். எது சரி? தமிழ் எழுத்தாளரிடம் கேட்கிற கேள்வியா இது என்று நினைத்தால் மன்னிக்கவும்.

ஒரு வாசகி, ஈசூன்

*

அன்புள்ள சகோதரிக்கு,

மன்னிப்பெல்லாம் எதற்கு? பாதிப் பதில் தமிழில்தான் இருக்கிறது.

மகனிடம் திருப்பி ஒரு கேள்வி கேளுங்கள். அவனை நம்பு என்கிறோம், அவனிடம் கேள் என்கிறோம், அவனுக்கு உதவு என்கிறோம், அவன்மேல் கோபப்படாதே என்கிறோம். ஏன் 'அவனுக்கு நம்பு' இல்லை? ஏன் 'அவனை உதவு' இல்லை? மன்னார்குடியில் யாரும் உங்களுக்கு இதற்குப் பட்டியல் கொடுத்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு சொல்லும் தனக்கு வேண்டிய உருபைத் தானே கேட்டு வாங்கிக்கொள்கிறது. நம் காது அதற்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான்.

தொல்காப்பியத்தில் வேற்றுமை மயங்கியல் என்று ஒரு பகுதி உண்டு. அச்சத்தைச் சொல்லும் சொல்லோடு ஐந்தாம் வேற்றுமையும் வரலாம், இரண்டாம் வேற்றுமையும் வரலாம், பொருள் மாறாது என்று அதில் ஒரு நூற்பா. உரைகாரர் காட்டும் உதாரணம்: பழியின் அஞ்சும், பழியை அஞ்சும். உங்கள் மகன் அழுதுகொண்டே படிக்கிற 'அஃப்ரெய்ட் ஆஃப்' சங்கதியேதான் இது. பயம் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் எந்த உருபு நிற்கும் என்பது நம் இலக்கணக்காரருக்கும் ஒரு கேள்வியாக இருந்திருக்கிறது. இன்று நாம் 'பழிக்கு அஞ்சி' என்று நாலாம் வேற்றுமையில் சொல்கிறோம். ஆக, உருபு காலத்தோடு மாறவும் செய்யும்.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. ஒரு எஃப் போட்ட ஆஃப், இரண்டு எஃப் போட்ட ஆஃப் இரண்டும் பழைய ஆங்கிலத்தில் ஒரே சொல். 'விலகி', 'இருந்து' என்பது அதன் பொருள். 'அஃப்ரெய்ட் ஆஃப் டாக்ஸ்' என்றால் அச்சம் நாயிடமிருந்து வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம். நம் 'பழியின் அஞ்சும்' என்பதில் உள்ள இன் உருபும் நீங்கலுக்கு வருவதுதான். 'அஷேம்ட்', 'பிரவுட்', 'ஜெலஸ்', 'டயர்ட்' எல்லாம் 'ஆஃப்' கேட்பதை இந்தக் கண்ணோடு பார்த்தால், உணர்ச்சி எங்கிருந்து கிளம்புகிறதோ அந்த இடத்தை 'ஆஃப்' காட்டுகிறது என்று பையனுக்குச் சொல்லலாம். முழு விதி இல்லைதான், ஆனால் பிடித்துக்கொள்ள ஒரு கயிறு.

பழைய ஆங்கிலத்துக்கும் நம்மைப் போல வேற்றுமை விகுதிகள் இருந்தன. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்ததை ஒட்டிய சில நூற்றாண்டுகளில் அவை பெரும்பாலும் தேய்ந்துபோயின. அந்த வேலையைத்தான் இன்று பிரிபொசிஷன்கள் பார்க்கின்றன. நமக்குப் பெயரின் வாலில் ஒட்டுவது அவர்களுக்குப் பெயருக்கு முன்னால் தனியாக நிற்கிறது.

இனி 'குட் இன்'. கணக்கில் என்பதிலுள்ள 'இல்' அப்படியே 'இன்' ஆகிவிட்டது என்று நீங்கள் யூகித்தது சரி. நாம் மட்டுமல்ல, மலாயிலும் 'பண்டாய் டாலாம் மாத்தமாட்டிக்' என்பார்கள். டாலாம் என்றால் உள்ளே. நாலு மொழி புழங்கும் ஊரில் அப்படியொரு 'இன்' பிழைத்திருப்பதில் ஆச்சரியமில்லை. காப்பிக்கடையில் உங்கள் மகன் 'குட் இன் மேத்ஸ்' என்று சொன்னால் விட்டுவிடுங்கள். 2000இல் தொடங்கிய நல்ல ஆங்கிலம் பேசுவோம் இயக்கம் என்ன சொன்னாலும், நண்பர்களோடு சிங்லிஷ் என்கிற சிங்கப்பூர்ப் பேச்சு ஆங்கிலம் பேசுகிற பிள்ளையைத் திருத்துவது வீண் வேலை என்பது என் கட்சி. தேர்வுத்தாளில் மட்டும் 'அட்'.

ஏன் 'அட்'? லுக் அட், எய்ம் அட், த்ரோ அட் என்று ஒரு குறியை நோக்கிப் போகிற சொற்களோடு வருவது அது. திறமையும் ஒரு செயலைக் குறிவைக்கிறது என்று நினைத்துக்கொண்டால் குட் அட், பேட் அட், குவிக் அட், ஹோப்லெஸ் அட் எல்லாம் ஒரே குடும்பமாக வந்து உட்கார்ந்துவிடும்.

ஆனால் 'குட்' அத்தோடு நிற்காது, இதுதான் எனக்குப் பிடித்த இடம். 'குட் அட் குக்கிங்' என்றால் சமையலில் கைதேர்ந்தவர். 'குட் வித் சில்ட்ரன்' என்றால் குழந்தைகளோடு ஒட்டிப் பழகத் தெரிந்தவர். 'குட் ஃபார் யுவர் ஹெல்த்' என்றால் உடம்புக்கு நல்லது. 'ஷீ வாஸ் குட் டு மீ' என்றால் என்னிடம் அன்பாக நடந்துகொண்டாள். பெயரடை ஒன்றுதான், பின்னால் வருவது மாறியதும் ஆளே மாறிவிடுகிறார். 'டயர்ட்' என்பதும் அப்படித்தான். வேலை பார்த்துக் களைத்துப்போனால் 'டயர்ட் ஃப்ரம் வொர்க்'. 'டயர்ட் ஆஃப் வொர்க்' என்றால் வேலையே சலித்துவிட்டது என்று அர்த்தம், மேலாளரிடம் தெரியாமல் சொல்லிவிட்டால் அவர் உங்கள் இடத்துக்கு ஆள் தேடத் தொடங்கலாம். ஆள்மேல் கோபம் என்றால் 'ஆங்ரி வித்' அல்லது 'ஆங்ரி அட்', விஷயத்தின்மேல் என்றால் 'ஆங்ரி அபவுட்'. இடம் எனக்குத் தெரியும் என்றால் 'ஐயம் ஃபமிலியர் வித் தி பிளேஸ்', அதையே இடத்தை முன்னால் வைத்துச் சொன்னால் 'ஃபமிலியர் டு மீ'.

பெரியவர்களே சறுக்கும் இடம் 'யூஸ்ட் டு'. 'ஐ யூஸ்ட் டு லிவ் இன் ஈசூன்' என்றால் முன்பு ஈசூனில் இருந்தேன், இப்போது இல்லை. 'ஐயம் யூஸ்ட் டு லிவ்விங் இன் ஈசூன்' என்றால் ஈசூன் வாழ்க்கை பழகிவிட்டது. இரண்டாவதில் 'யூஸ்ட்' ஒரு பெயரடை, 'டு' ஒரு பிரிபொசிஷன், அதனால் பின்னால் வரும் வினைக்கு 'இங்' ஒட்டவேண்டும். குட் அட் ஸ்விம்மிங், டயர்ட் ஆஃப் வெயிட்டிங், எல்லாம் அதே கணக்கு.

ஆபீஸில் உங்கள் காதிலும் 'சீனியர் தேன் மீ' விழுந்திருக்கும். சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர் நான்கும் லத்தீனில் ஒப்பிட்டுச் சொல்லவென்றே இருந்த வடிவங்கள். ஒப்பீடு சொல்லுக்குள்ளேயே இருப்பதால் 'தேன்' வேண்டாம், 'டு' போதும்.

இன்னொரு சின்ன விஷயம், தேர்வில் வாக்கியத்தை மாற்றி எழுதும் பகுதிக்கு உதவும். பெயரடை சாதாரணமாகப் பெயருக்கு முன்னால் நிற்கும்: 'எ பிரவுட் ஃபாதர்'. பிரிபொசிஷனோடு வால் முளைத்துவிட்டால் பெயருக்குப் பின்னால் போய்விடும்: 'எ ஃபாதர் பிரவுட் ஆஃப் ஹிஸ் சன்'. தமிழில் எவ்வளவு நீள வாலும் முன்னாலேயே வரும், மகனை நினைத்துப் பெருமைப்படும் அப்பா. இந்தத் திசை மாற்றம்தான் நம் பிள்ளைகளைக் குழப்புகிறது.

பட்டியலை என்ன செய்வது? தூக்கிப் போடச் சொல்லமாட்டேன், துணைப்பாட ஆசிரியர் என்மேல் கோபப்படுவார். மேலிருந்து கீழே ஒப்பிக்க வைக்காதீர்கள். அட் குடும்பம், ஆஃப் குடும்பம் என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பையனே தன்னைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்லட்டும். இறால் ஒத்துக்கொள்ளாது என்றால் 'அலர்ஜிக் டு பிரான்ஸ்'. பள்ளிக்குத் தாமதம் என்றால் 'லேட் ஃபார் ஸ்கூல்'. குடும்பத்தில் சேராத முரண்டுகளை மட்டும் மனப்பாடம் செய்யட்டும்: 'டிபெண்டன்ட் ஆன்' என்பார்கள், ஆனால் 'இண்டிபெண்டன்ட் ஆஃப்'.

வீட்டுக்கு வரும் அரசாங்கக் கடிதங்களையும் விடாதீர்கள். எலிஜிபிள் ஃபார், என்டைட்டில்ட் டு, சப்ஜெக்ட் டு எல்லாம் அவற்றில் கிடைக்கும். சிங்கப்பூர்ச் சட்டங்களில் 'லையபிள் ஆன் கன்விக்ஷன் டு எ ஃபைன்' என்று திரும்பத் திரும்ப வரும். 'லையபிள்' ஒரு பக்கம், அதன் 'டு' இரண்டு சொல் தள்ளி என்று பிரிந்து நிற்கும். நடுவில் உள்ள 'ஆன் கன்விக்ஷன்' வேறு கதை. இந்த ஊரில் அபராத ஆங்கிலம் எல்லோரும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியதுதான்!

கடைசியாக 'டிஃபரன்ட்'. நீங்கள் கேட்ட மூன்றுமே புழக்கத்தில் உள்ளவை. 'ஃப்ரம்' எல்லா ஊரிலும் செல்லும். 'டு' பிரிட்டிஷ் பேச்சில் சகஜம், உங்கள் ஆபீஸ்காரர் தப்பாகப் பேசவில்லை. 'தேன்' அமெரிக்காவில் அதிகம், முக்கியமாகப் பின்னால் ஒரு முழு வாக்கியம் வரும்போது. இங்கே பள்ளிகள் பிரிட்டிஷ் ஆங்கிலத்தை ஒட்டிப் போவதால் தேர்வில் 'தேன்' வேண்டாம், 'ஃப்ரம்' எழுதினால் யாரும் சுழிக்கமாட்டார்கள். சலிப்பைச் சொல்லும் 'போர்ட் ஆஃப்' பற்றி இதே மாதிரி ஒரு கேள்வி சீக்கிரம் வரும். இளையவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள், ஆசிரியர்களில் பலர் இன்னும் 'போர்ட் வித்' என்றுதான் எதிர்பார்க்கிறார்கள். தொடக்கநிலை இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ முடியும்வரை ஆசிரியர் பக்கமே இருங்கள்.

அன்புடன்.